பூசணியின் அடிப்பக்கம்

எங்கள் வீட்டின் பின்கதவைத் திறந்தால் மலை தெரிய வேண்டும். அந்தக் காட்சிக்காகவே என் தகப்பனார் ஸ்ரீவில்லிபுத்தூரின் மேற்கு ஓரத்தில் இடம் வாங்கி வீட்டைக் கட்டினார். சென்ற மாசி மாதத்தில் நான் அந்தக் கதவைத் திறந்தபோது சீமைக்கருவேலம் மட்டுமே தெரிந்தது. தாழ்ப்பாளை நீக்கிய பிறகும் கதவு கால்வாசிக்கு மேல் நகரவில்லை. வெளியே ஒரு கிளை அதைத் தடுத்துக்கொண்டிருந்தது.

பின்னால் இருப்பது பதினெட்டு சென்ட் நிலம். நான் வருவாய்த் துறையில் கடைநிலை எழுத்தராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். பிறருடைய நிலங்களின் எல்லைத் தகராறுகளை எத்தனையோ தீர்த்து வைத்திருக்கிறேன். என் சொந்த நிலத்தின் மேற்கு எல்லைக் கல் எங்கே நிற்கிறது என்பது அன்று எனக்குத் தெரியாது.

அந்த நிலத்தைத் திருத்தி, வரும் புரட்டாசிக்குள் அதில் ஒரு பூசணிக்காயாவது விளைவிப்பது என்று அன்று காலையே முடிவு செய்தேன். அதற்கான காரணத்தை என் மனைவியிடம் பாதிதான் சொன்னேன். மறுபாதியை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் திருச்சபையில் ஆண்டுதோறும் புரட்டாசியில் அறுப்பின் பண்டிகை நடைபெறும். ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்து விளைச்சலில் முதற்பலனைக் கொண்டுவந்து பீடத்தின் படிகளில் வைக்கும். ஆராதனை முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் அவை ஏலத்துக்கு வரும். நிலமில்லாதவர்கள் கடையில் வாங்கி வைப்பதுண்டு; அதை யாரும் குறையாகக் கருதுவதில்லை, யாரும் மறைப்பதுமில்லை. ஆனால் சில காணிக்கைகள் சில குடும்பங்களோடு ஒட்டிக்கொண்டவை. வத்திராயிருப்பிலிருந்து வரும் ஒரு குடும்பத்துக்குத் தேங்காய்க் குலை. எங்கள் குடும்பத்துக்குப் பூசணி. தகப்பனார் காலத்தில் அதை இருவர் சேர்ந்து தூக்கிவர வேண்டியிருக்கும். ஏலம் கூறுபவர் சீட்டைப் பார்க்காமலே "பின்தோட்டத்துப் பூசணி" என்பார். எந்த வீட்டுப் பின்தோட்டம் என்று ஒருவரும் கேட்டதில்லை.

நான் ஓய்வு பெற்று ஊர் திரும்பியது அந்த மாசிக்கு முந்தைய ஆண்டில். அந்த ஆண்டுப் பண்டிகைக்கு இரண்டு ஞாயிறு இருக்கும்போதே சபைச் செயலர் ஆலய வாசலில் என்னை நிறுத்திக் கேட்டார்.

"அண்ணாச்சி, பல வருசத்துக்குப் பொறவு வீட்டுக்கு வந்துட்டீக. பின்தோட்டத்துப் பூசணி இந்தத் தடவ உண்டும்லா?"

அவர் கேட்டபோது நான்கு பேர் சுற்றி நின்றார்கள். நிலம் புதராகக் கிடக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

"உண்டு," என்றேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தையில் காய் விற்பவர்களில் பாதிப்பேர் எங்களை அறிவார்கள். ஆகையால் பண்டிகைக்கு முந்தைய நாள் காரை எடுத்துக்கொண்டு ராஜபாளையம் சென்றேன். அங்கே மொத்தக்கடையில் குவித்து வைத்திருந்தவற்றில் மிகப் பெரியதாகத் தேர்ந்தெடுத்து, ஒரு துண்டால் மூடி, பின்னிருக்கையில் வைத்துக் கொண்டுவந்தேன். என் மனைவி உடன் வந்திருந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, "இத வைக்கதுக்கு வைக்காமலே இருக்கலாம்," என்றாள்.

மறுநாள் அதைப் பீடத்தின் படியில் நானே கொண்டு வைத்தேன். அது சற்று உருண்டது. ஆலயத்தைத் திறந்து பெருக்கி மணியடிக்கும் கோயில்பிள்ளை ஓடிவந்து நிலைநிறுத்தினார். நான் ஆண்கள் பக்கம் என் இருக்கைக்குத் திரும்பினேன்.

ஏலத்தில் அவர்தான் ஒவ்வொரு பொருளையும் தூக்கிக் காட்டுவார். "பின்தோட்டத்துப் பூசணி" என்று கூறப்பட்டதும் குனிந்து அதை எடுத்தார். அடிப்பக்கம் ஒரு கணம் என்னை நோக்கித் திரும்பியது. அதில் சுண்ணாம்பால் ஒரு வட்டமும் நடுவில் ஒரு கோடும் போட்டிருந்தது. மொத்தக்கடைக்காரர்கள் லோடு அடையாளத்துக்கு இடும் குறி அது. சட்டைக் காலரின் மடிப்பைக் கண்ணாடியில் மூன்று முறை சரிபார்த்துவிட்டுப் புறப்பட்ட எனக்கு, காயின் அடியைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

கோயில்பிள்ளை அந்தக் குறியைப் பார்த்தார். பிறகு, காயில் ஒட்டிய தூசியைத் தட்டுபவர்போலத் தம் வேட்டித் தலைப்பால் அதை ஒரே தேய்ப்பில் துடைத்துவிட்டு, தலைக்குமேல் உயர்த்திக் காட்டினார். என்னை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

அதன் பின் ஒவ்வொரு ஞாயிறும் ஆலய வாசலில், "ஸ்தோத்திரம் ஐயா," என்று முன்பு போலவே கைகூப்பினார். அவர் ஒருமுறை இளக்காரமாகச் சிரித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பணியில் இருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றும் அந்நாட்களில் அடிக்கடி நினைவுக்கு வந்தது. எந்த நிலத்தில் என்ன பயிர் நிற்கிறது என்று ஊர்வாரியாக எழுதிவைக்கும் அடங்கல் பதிவேட்டில், வெறும் தரிசைப் பருத்தி என்று எழுதியிருந்தார் ஒரு கிராம நிர்வாக அலுவலர். தணிக்கையில் நான் கண்டுபிடித்தேன். அவர் என் மேசைக்கு முன் நின்று, "அடுத்த மழைக்கு வெதச்சிருவாங்க சார், அதான் எழுதிட்டேன்," என்றார். "விதைத்த பிறகு எழுதுங்கள்," என்று சொல்லி, அவரை இடைநீக்கம் செய்யப் பரிந்துரைத்தேன். அந்தப் பரிந்துரை இன்றைக்கும் சரியென்றே கருதுகிறேன். சரியென்று கருதுவதால்தான் பின்கதவைத் திறந்தேன்.

பங்குனி முழுவதும் காலை ஆறு மணி முதல் எட்டரை வரை தனியாக வெட்டினேன். ஜேசிபியை அழைக்கலாம் என்று மனைவி சொன்னாள்.

"அர நாள்ல வழிச்சு எடுத்துருவான். என்னத்துக்கு இந்தப் பாடு? தாசில்தார் ஆபீஸ்ல உக்காந்த ஒடம்பு."

"சந்து குறுகல். மதில் இடியும்," என்றேன். அதுவும் உண்மைதான்.

முள் ஒன்று ரப்பர்ச் செருப்பைத் துளைத்துக்கொண்டு குதிகாலில் ஏறி ஒடிந்தது. மூன்று நாள் நொண்டினேன். ஞாயிறன்று ஆலயத்துக்கு நொண்டாமல் நடந்தேன். பங்குனி முடியும்போது பதினெட்டு சென்டும் தரைமட்டமாகிவிட்டது, பின்கதவு முழுவதும் திறந்தது, மலை தெரிந்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு காபி குடித்தேன்.

சித்திரையில் ஒரு மணி நேரம் கோடைமழை கொட்டியது. பத்தாம் நாள் பார்த்தேன்: வெட்டிய ஒவ்வொரு அடித்தூரிலிருந்தும் ஐந்து, ஆறு என்று பச்சைத் தளிர்கள் கிளம்பியிருந்தன. முன்பு ஒரு மரம் நின்ற இடத்தில் இப்போது ஆறு மரங்கள் நிற்கத் தயாராயின.

நான் தாவரவியலில் பட்டம் பெற்றவன். வெட்டிய தூர் ஏன் தளிர்க்கிறது என்று தேர்வில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். என் அரிவாளுக்கு மட்டும் அது பொருந்தாது என்று எப்படியோ நம்பியிருந்தேன்.

அதன் பிறகுதான் மகாராஜபுரத்திலிருந்து ஓர் அம்மாளை வேலைக்கு வைத்துக்கொண்டேன். ஐம்பது வயதிருக்கும். வத்திராயிருப்பிலிருந்து வரும் முதல் பேருந்தில் இறங்கி, கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து வருவார். முதல் நாள் நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

"யாருய்யா வெட்டுனது?"

"நான்தான்."

"நல்லா முடி வெட்டி விட்டிருக்கீக," என்றார். "இனிமே முடி வளரும்ல. தூரோட புடுங்குனாத்தான் சாவும்."

அவர் சொன்ன முறை இதுதான்: ஒவ்வொரு தூரையும் சுற்றி முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்ட வேண்டும், பக்கவேர்களை வெட்ட வேண்டும், ஆணிவேர் வெளிப்பட்டதும் கடப்பாரையைக் கொடுத்து நெம்ப வேண்டும். ஒரு தூருக்கு இருவரும் சேர்ந்து ஒரு மணி நேரம். அவர் தோண்ட, நான் நெம்புவேன். நான் களைத்தால் மாறிக்கொள்வோம்.

"ஐயா, கம்பிய இறுக்கிப் புடிங்க. கையெழுத்துப் போடுத மாதிரி புடிச்சா அது நம்மள மதிக்குமா?"

அதற்கு முன் என் கைப்பிடியைப் பற்றி எவரும் கருத்துச் சொன்னதில்லை. இறுக்கிப் பிடித்தேன்.

கத்திரி வெயிலில் குழிக்குள் இறங்கினால் அடுப்புக்குள் இறங்குவது போலத்தான். ஒன்பது மணிக்கு மண் செருப்பை மீறிச் சுடும். அந்த அம்மாள் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொள்வார். நானும் அவ்வாறே செய்யத் தொடங்கினேன். மனைவி அடுக்களைச் சன்னலில் நின்று நீர்மோரை நீட்டும்போது, "ஒங்க ஆபீஸ்காரவுக யாராச்சும் இப்பப் பாக்கணும்," என்பாள். அவ்வாறு யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே தெருப்பக்கத்து மதிலோரத் தூர்களை விடியலில் எடுத்து முடித்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

பிடுங்கிய தூர்களை அந்த அம்மாள் விறகுக்கு எடுத்துக்கொண்டார். வைகாசி பாதியில், மேற்கு மூலையில் ஒரு தூரைத் தோண்டும்போது கடப்பாரை கல்லில் மோதி ஒலித்தது. எல்லைக் கல். வேர் அதை முழுவதும் சுற்றிப் பிடித்து ஒரு சாண் சாய்த்திருந்தது. வேரை நானே வெட்டி எடுத்தேன். அன்று வேறு வேலை பார்க்கவில்லை.

அந்த வாரம் செயலர் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"பெரிய வேலையா நடக்குதே அண்ணாச்சி! இந்த வருசமும் பின்தோட்டத்துப் பூசணின்னு நோட்டுல எழுதிக்கிடுதேன்."

"காய்த்த பிறகு எழுதுங்கள்," என்றேன். என் குரல் தேவைக்கு மேல் கடுமையாக இருந்திருக்க வேண்டும். அவர் தலை மதிலுக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

ஆனி முதல் வாரத்தில் ஆறு குழிகளில் ஆட்டுப்புழுக்கையும் மண்ணும் கலந்து நிரப்பி விதை போட்டேன். விதை அந்த அம்மாள் தம் வீட்டுக் கூரையில் காய்த்ததிலிருந்து எடுத்து வைத்திருந்தது. தண்ணீர்தான் பெரும்பாடு. நகராட்சிக் குழாயில் வருவது வீட்டுக்கே சரியாக இருக்கும். குளியலறை நீரை ஒரு வாய்க்கால் வெட்டித் தோட்டத்துக்குத் திருப்பினேன். சோப்புத் தண்ணீர் செடிக்கு ஆகாது என்பதால் சீயக்காய்க்கும் பயற்றமாவுக்கும் மாறும்படி மனைவியைக் கேட்டுக்கொண்டேன். "மொதல்ல நீங்க மாறுங்க," என்றாள். மாறினேன்.

ஆடியில் மேல்காற்று மலையிலிருந்து இறங்கி மண்ணை வாரி வீசியது. கொடிகளைக் கவைக்குச்சிகளால் தரையோடு பிணைத்தேன். பூக்கள் வந்தன, பிஞ்சுகள் நிற்கவில்லை. காற்றில் தேனீக்கள் வரவில்லை என்று புரிந்தது. ஆண்பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் தடவ வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். கல்லூரியில் படித்தது நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அன்றுதான் கைக்கு உதவியது. முழங்காலிட்டு அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தபோது சன்னலில் மனைவியின் குரல் கேட்டது.

"என்னங்க, கல்யாணமா?"

"ஆமாம்."

"கோயில்ல மூணு ஞாயித்துக்கெழம கல்யாண ஓல கூறி அறிவிக்காம எப்பிடிக் கட்டி வைப்பீக? சபை ஐயர் ஒத்துக்கிட மாட்டாருல்ல!"

உள்ளே போய் நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான்கு பிஞ்சுகள் நின்றன. இரண்டை ஈ குத்தி அழுக வைத்தது. ஒன்றை மயில் கொத்திவிட்டது. நான்காவது, எல்லைக் கல்லின் நிழலில் இலைகளுக்கு அடியில் கிடந்ததால் தப்பியது. அதற்கு வைக்கோல் விரிப்போமா என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். "மண்ணுல கெடக்கட்டும்யா. அது மண்ணுலதான பொறந்துச்சு," என்றார்.

பண்டிகைக்கு மூன்று நாள் இருக்கையில் அந்தக் காய் ஒரு சிறிய தண்ணீர்க் குடத்தின் பாதி அளவில் இருந்தது. ஒருபுறம் வீங்கி மறுபுறம் ஒடுங்கிய வடிவம். காம்பு இன்னும் முழுவதும் காயவில்லை. நான் அதன் முன் நின்றிருந்தேன். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். இம்முறை அவள் கேலி செய்யவில்லை.

"இது நம்ம வீட்டுக்கு இருக்கட்டும். இத்தன மாசம் பாடுபட்டிருக்கீக. இத அங்க கொண்டுபோய் நாலு பேரு சிரிக்கணுமா? ராஜபாளையம் போய் நல்லதா ஒன்னு வாங்கிருவோம்." சற்றுத் தயங்கினாள். "இந்தத் தடவ அடியில நான் கழுவிருதேன்."

"அடியிலா?"

"சுண்ணாம்புதான். போன தடவ படியில வச்சீகள்லா, எங்க பக்கமாத்தான உருண்டுச்சு. மொத வரிசப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் பாத்தோம்."

என் மானம் ஒரே ஒரு மனிதரின் வேட்டித் தலைப்பில் இருப்பதாக ஓராண்டாக எண்ணியிருந்தேன். அது ஒரு வரிசை முழுவதும் கைமாறி, ஒவ்வொரு வீட்டிலும் பத்திரமாக மூடி வைக்கப்பட்டிருந்தது. ஞாயிறு தோறும் எனக்கு வணக்கம் சொன்ன பெண்கள், அவர்களிடமிருந்து கேட்டிருக்கக்கூடிய ஆண்கள், ஒருவரும் முகத்தில் காட்டவில்லை. நான் காத்துவந்ததாக நினைத்த பெயரை அவர்கள்தான் காத்துவந்தார்கள்.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"சொன்னா நீங்க கோயிலுக்கு வருவீகளா?"

வந்திருக்க மாட்டேன். அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இதைத்தான் கொண்டுபோவோம்," என்றேன்.

பண்டிகையன்று காலை அதை அறுத்தேன். மண்ணில் படிந்து கிடந்த அடிப்பக்கம் வெளிறிய மஞ்சளாக இருந்தது, செம்மண் ஒட்டியிருந்தது. துண்டால் மூடவில்லை. ஆலய வாசலில் கோயில்பிள்ளை காணிக்கைகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஸ்தோத்திரம் ஐயா."

"ஸ்தோத்திரம்." காயை அவர் கையில் கொடுத்து, அடிப்பக்கத்தை மேலே திருப்பினேன். "இதைத் துடைக்க வேண்டாம்."

அவர் அதைப் பார்த்தார். முதன்முறையாக என் முகத்தையும் பார்த்தார்.

"மண்ணுதான ஐயா இருக்கு. மண்ண எதுக்குத் தொடைக்கணும்?"

ஏலத்தில் செயலர் வழக்கம்போல், "பின்தோட்டத்துப் பூசணி!" என்றார். கோயில்பிள்ளை அதைத் தூக்கினார். கூட்டத்தின் பின்புறமிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது.

"என்ன அண்ணாச்சி, போன வருசம் யான மாதிரி இருந்துச்சு, இந்த வருசம் குட்டி போட்டுருக்கு?"

சிரிப்பு எழுந்தது. நான் எழுந்து நின்றேன். எழுவதென்று திட்டமிட்டிருக்கவில்லை, ஆனால் எழுந்த பிறகு உட்காருவது என் வழக்கமில்லை.

"போன ஆண்டு நான் வைத்தது எங்கள் தோட்டத்துக் காய் அன்று," என்றேன். "ராஜபாளையத்தில் வாங்கியது. எங்களுடையது என்று சொல்லி வைத்தேன். அது தவறு. இது எங்கள் தோட்டத்தில் விளைந்தது. இவ்வளவுதான் விளைந்தது."

செயலர் தம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காணிக்கை வைத்திருந்த இன்னொருவர், தம் வாழைத்தாரின் காம்பில் தொங்கிய கடைச் சீட்டை மெதுவாகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதை நான் கவனிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

பெண்கள் பக்கம் முதல் வரிசையில் என்னைவிட மூத்த ஓர் அம்மாள் இருந்தார். அவர்தான் வாய் திறந்தார்.

"அது எங்களுக்குத் தெரியும்யா. செத்த உக்காருங்க. வெயில் ஏறுது, ஏலத்தப் போடச் சொல்லுங்க."

மறுபடியும் சிரிப்பு எழுந்தது. அதில் என் மனைவியின் சிரிப்பைத் தனியாகக் கேட்டேன். உட்கார்ந்தேன்.

கோயில்பிள்ளை அதுவரை காயைத் தூக்கிய கையை இறக்கவில்லை. இப்போது அதைத் திருப்பி, மண் ஒட்டிய அடிப்பக்கம் கூட்டத்தைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டார். ஏலம் முடியும்வரை அப்படியே பிடித்திருந்தார். செம்மண் உதிர்ந்து அவருடைய வெள்ளைச் சட்டையின் தோளில் விழுந்தது.

வீடு திரும்பும்போது மனைவியிடம், தெருப்பக்கத்து வடக்கு மதிலோரம் வேர் மிஞ்சிய இரண்டு தூர் மறுபடியும் தளிர்த்திருக்கின்றன என்று சொன்னேன்.

"நாளைக்கு அந்த அம்மா வருமா?"

"வேண்டாம். அந்த இரண்டையும் நான் பார்த்துக்கொள்கிறேன்," என்றேன். "எட்டு மணிக்குத்தான் தொடங்கப்போகிறேன்."

"எட்டு மணிக்கா? தெருவுல ஆளு போகுமே."

"போகட்டும்," என்றேன்.